அலகு தேவைப்படாத எண்கள்

டான் பேஜ் என்று ஓர் இயற்பியலாளர். கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துக்காரர். ஸ்டீபன் ஹாக்கிங்குடன் சேர்ந்து வேலை பார்த்தவர். கருந்துளைக்குள் விழுந்த தகவல் என்ன ஆகிறது என்பது பற்றி 1994-இல் அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் போகிற போக்கில் ஒரு கால அளவைக் கணக்கிடுகிறார்:

10^10^10^10^10^1.1

^ என்பது அடுக்குக் குறி. கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் 10-இன் 1.1 அடுக்கு, வரும் விடையை இன்னொரு 10-க்கு அடுக்காக ஏற்று, அதன் விடையை அடுத்த 10-க்கு ஏற்று, இப்படியே முன்னால் வர வேண்டும். தமக்குத் தெரிந்து, இயற்பியலாளர் எவரும் இதுவரை வெளிப்படையாகக் கணக்கிட்ட முடிவுள்ள காலங்களிலேயே நீண்டது இந்த வகைதான் என்கிறார் பேஜ். சரி, அத்தனை என்ன? நொடியா, வருடமா? பிளாங்க் நேரமோ (இயற்பியலில் வரும் மிகச் சிறிய கால அளவு), ஆயிரமாண்டுகளோ, எதையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்கிற தொனியில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்.

நான் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, தேர்வெழுதி வங்கிக்குள் நுழைந்த பெருங்கூட்டத்தில் ஒருவன். கேஷ் கவுண்டரில் உட்கார்ந்த காலத்தில் நாள் முடிவில் ஐம்பது ரூபாய் இடித்தாலும் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. வவுச்சரை ஒவ்வொன்றாகப் புரட்டி, கட்டுகளை மறுபடி எண்ணி, எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும். பள்ளிக்கூடத்திலும் அலகு எழுதாமல் விட்டால் அரை மதிப்பெண் போய்விடும். இப்படி வளர்ந்தவனுக்கு 'எதையாவது வைத்துக்கொள்ளுங்கள்' எரிச்சலூட்டாமல் இருக்குமா? ஆனால் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பேஜ் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. அலகை விட்டதால் அவர் எதையும் இழக்கவில்லை. அது எப்படி என்று பார்க்க, கீழேயிருந்து ஏற வேண்டும்.

எல்லோரும் கேள்விப்பட்ட எண்ணிலிருந்து தொடங்கலாம். நாம் பார்க்கக்கூடிய பிரபஞ்சத்தில் எத்தனை புரோட்டான்கள்? 10⁸⁰ என்று பத்திரிகையில் போடுவார்கள். அதைக் கண்டுபிடிக்க பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் போதும். நம் பார்வையின் எல்லை எல்லாத் திசையிலும் 4,650 கோடி ஒளியாண்டு, மீட்டரில் 4.4 × 10²⁶. அந்தக் கோளத்தின் கன அளவு 3.6 × 10⁸⁰ கன மீட்டர். பிரபஞ்சத்தின் சராசரி அடர்த்தி, கன மீட்டருக்கு ஐந்து புரோட்டான்களின் நிறை. அதிலும் ஏறக்குறைய 5 சதவீதம்தான் அணுப்பொருள். மீதியெல்லாம் கரும்பொருள், கருமை ஆற்றல். ஆக, நான்கு கன மீட்டருக்கு ஒரே ஒரு புரோட்டான். நான்கால் வகுத்தால் 9 × 10⁷⁹. அவ்வளவுதான் விஷயம். 5 சதவீதம் என்பதை 4 என்றோ 6 என்றோ போட்டாலும் 10⁸⁰ அசையாது. இந்தத் தளத்தில் கூட்டல் செத்துவிட்டது. கோடிக்கணக்கான விண்மீன்களை விட்டுவிட்டோம் என்று யாராவது வந்து நின்றாலும் விடை மாறாது. இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தவறு கூட இலவசம்.

இந்தத் தாராளம் ஆங்கிலேய வானியலாளர் ஆர்தர் எடிங்டனுக்குப் பிடிக்காது. 1938-இல் கேம்பிரிட்ஜில் ட்ரினிட்டி கல்லூரியில் நடந்த சொற்பொழிவில், பிரபஞ்சத்தில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையைக் கடைசி இலக்கம் வரை சொன்னார். 136-ஐ 2²⁵⁶-ஆல் பெருக்க வேண்டும். விடை 15,747,724,136,275,002,577 என்று ஆரம்பித்து 631,031,296 என்று முடியும், மொத்தம் 80 இலக்கம். எலக்ட்ரான்களும் அதே எண்ணிக்கை என்றார். அட்லாண்டிக்கைக் கப்பலில் கடக்கும்போது கையாலேயே பெருக்கினார் என்று சொல்வார்கள். தொலைநோக்கியோ அடர்த்தியோ இதில் வேலை செய்யவில்லை. 16 × 16 சமச்சீர் அணியில் தனித்தனியாக இருக்கக்கூடிய உறுப்புகள் 136. அதிலிருந்து தர்க்கத்தால் மட்டுமே பிரபஞ்சத்தை வருவித்துவிடலாம் என்று நம்பினார். மின்காந்த விசையின் வலிமையைச் சொல்லும் நுண்கட்டமைப்பு மாறிலியின் தலைகீழ் மதிப்பும் 136 என்றுதான் முதலில் நிரூபித்தார். ஆய்வகத்தில் 137-க்குப் பக்கத்தில் வந்ததும் ஒன்றைக் கூட்டிக்கொண்டு அதையும் நிரூபித்தார். பஞ்ச் பத்திரிகை அவருக்கு சர் ஆர்தர் ஆடிங்-ஒன் என்று பெயர் வைத்தது, ஒன்றைக் கூட்டுகிறவர். இன்றைய மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் வேடிக்கையாக இருக்கும்: 80 இலக்கங்களில் ஒன்றைக்கூட நம்ப முடியாது, 80 இலக்கம் என்பது மட்டும் ஏறக்குறைய சரி.

எடிங்டன் என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு பெயரும் கூடவே வரும். 1930-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்த சந்திரசேகர், 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அந்தப் பயணத்தில் அவர் போட்ட கணக்கும் பெரிய எண்ணைப் பற்றியதுதான். புரோட்டான்களுக்கிடையே ஈர்ப்பு எவ்வளவு பலவீனம் என்பதை ஓர் எண்ணாகச் சொல்ல முடியும். பிளாங்க் மாறிலி, ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி, புரோட்டானின் நிறை, இந்த நான்கையும் அலகுகள் அடிபடும்படி சேர்த்தால் 1.7 × 10³⁸ வரும். அதை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தினால் 2 × 10⁵⁷. ஒரு வெள்ளைக் குள்ளன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) தாங்கக்கூடிய புரோட்டான், நியூட்ரான்களின் எண்ணிக்கை ஏறக்குறைய இதுதான். சூரியனில் இருப்பது 1.2 × 10⁵⁷. வெள்ளைக் குள்ளனின் உச்ச நிறையான சந்திரசேகர் எல்லை சூரியனைப்போல் 1.4 மடங்கு, அதாவது 1.7 × 10⁵⁷. அதைத் தாண்டினால் விண்மீன் சுருங்கிக்கொண்டே போகும். விண்மீன்கள் ஏன் இந்த அளவில் இருக்கின்றன என்பதற்கு, ஈர்ப்பு இவ்வளவு பலவீனமாக இருப்பதே காரணம் என்று இந்த எண் சொல்லிவிடுகிறது. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் இதை விளக்கிவிட்டு அவர் உட்கார்ந்ததும் எடிங்டன் எழுந்தார். ஒரு விண்மீன் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்றார். சபை சிரித்தது. 80 இலக்கத்தைத் தர்க்கத்தால் வருவித்தவருக்கு, தோராயமான 10⁵⁷ அபத்தமாகப் பட்டது.

இந்தத் தளத்து எண்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சோதித்துப் பார்க்கலாம். புரோட்டான் அழியுமா, அழியாதா? அழியும் என்றால் அதன் ஆயுள் 10³⁰ ஆண்டுகளுக்கு மேல் இருக்கலாம் என்று 1970-களில் ஒருங்கிணைந்த விசைக் கோட்பாடுகள் சொல்லின. பிரபஞ்சத்தின் வயதே 1.38 × 10¹⁰ ஆண்டுதான். எப்படிக் காத்திருப்பது? காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு புரோட்டானை 10³³ ஆண்டு பார்ப்பதும், 10³³ புரோட்டானை ஓர் ஆண்டு பார்ப்பதும் ஒன்றுதான். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயலில், 2,300 மீட்டர் ஆழத்தில், 140 டன் இரும்புக் கருவியை வைத்து 1980-இல் பார்க்கத் தொடங்கினார்கள். டாட்டா ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானியக் குழுவும் சேர்ந்து செய்த வேலை. 140 டன் இரும்பில் 8 × 10³¹ புரோட்டானும் நியூட்ரானும் இருக்கும். அவ்வளவு ஆழத்துக்குப் போனதற்குக் காரணம் காஸ்மிக் கதிர்கள்; மேலே உள்ள பாறை அவற்றில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிடும். அழிவு போலத் தெரிந்த சில நிகழ்வுகள் கிடைத்ததாக அறிவித்தார்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வந்த பெரிய தண்ணீர்த் தொட்டிச் சோதனைகள் அதை உறுதிப்படுத்தவில்லை. இப்போது ஜப்பானின் கமியோக்கா சுரங்கத்தில் உள்ள சூப்பர்-கமியோகாண்டேயில் 22,500 டன் தண்ணீரை, அதாவது 7.5 × 10³³ புரோட்டான்களை, 1996-இலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் ஒன்றுகூட அழிந்ததாக உறுதியாகவில்லை. அதனால் ஆயுள் 10³⁴ ஆண்டுக்கு மேல். மனிதர்கள் உண்மையிலேயே அளந்து எல்லை கட்டிய மிக நீண்ட காலங்களில் இதுவும் ஒன்று. இதற்கு மேல் வரும் காலங்கள் எல்லாம் பேப்பரில்தான்.

அடுத்த தளத்துக்கு வழி திறந்தது ஒரு சண்டையில். 1896-இல் மேக்ஸ் பிளாங்கின் உதவியாளராக இருந்த எர்ன்ஸ்ட் செர்மெலோ, ஆஸ்திரிய இயற்பியலாளர் லுட்விக் போல்ட்ஸ்மனை மடக்கப் பார்த்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பாயின்கரே ஒரு தேற்றம் நிரூபித்திருந்தார். மூடிய இடத்துக்குள் அடைபட்ட எந்த அமைப்பும் போதிய காலம் கொடுத்தால் தொடங்கிய நிலைக்கு மிக அருகில் திரும்பி வந்தே தீரும். அப்படியானால் கலந்துவிட்ட வாயுக்கள் ஒருநாள் தாமாகப் பிரிய வேண்டுமே? என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, கூடிக்கொண்டே போகும் என்கிற பேச்சு என்ன ஆவது? போல்ட்ஸ்மன் தேற்றத்தோடு மல்லுக்கு நிற்கவில்லை. எவ்வளவு நேரமாகும் என்று பார்ப்போம் என்று கணக்கில் இறங்கினார்.

நாமும் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெட்டியில் வெறும் 100 மூலக்கூறுகள். ஒவ்வொன்றும் இடப்பாதியில் இருக்கலாம், வலப்பாதியில் இருக்கலாம். எல்லாமே ஒரே நேரத்தில் இடப்பக்கம் வர, 2¹⁰⁰-இல் ஒரு வாய்ப்பு. 2¹⁰⁰ என்பது 1.27 × 10³⁰. நொடிக்கு நூறு கோடி முறை புதிதாகக் கலைத்தாலும் 4 × 10¹³ ஆண்டு ஆகும், பிரபஞ்சத்தின் வயதைப்போல் மூவாயிரம் மடங்கு. நூறு மூலக்கூறுக்கே இந்தக் கதி. இருநூறு என்றால் வாய்ப்பு இருமடங்கு குறைவதோடு நிற்காது, 10⁶⁰-இல் ஒன்றாகிவிடும். இப்போது ஒரு கன சென்டிமீட்டர் சாதாரணக் காற்றை எடுங்கள், 2.5 × 10¹⁹ மூலக்கூறுகள். காத்திருக்க வேண்டிய நேரத்தை எழுத 7.5 × 10¹⁸ இலக்கங்கள் வேண்டும். நொடிக்கு ஓர் இலக்கம் என்று எழுதினால், எழுதி முடிக்கவே பிரபஞ்சத்தின் வயதைப்போல் 17 மடங்கு ஆகும். காத்திருப்பதைச் சொல்லவில்லை, எழுதுவதைச் சொல்கிறேன்.

என்ன நடந்தது என்று கவனியுங்கள். முதல் தளத்தில் பொருட்களின் எண்ணிக்கை நேரடியாக விடையாக இருந்தது. இங்கே அந்த எண்ணிக்கை அடுக்குக்கு ஏறிவிட்டது. பொருட்களை எண்ணுவதை விட்டுவிட்டு, அவற்றை எத்தனை விதமாக வைக்கலாம் என்று எண்ண ஆரம்பித்ததும் இது நடக்கிறது. பத்தில் ஒரு லிட்டரில் கலந்த இரு வாயுக்கள் கண்ணுக்குத் தெரியும்படி பிரிய 10^10^10 ஆண்டை விடவும் மிக அதிகம் ஆகும் என்று போல்ட்ஸ்மன் பின்னர் தம் விரிவுரை நூலில் எழுதினார். அந்தக் காலத்துக்குள் ஒரு பெரிய நாட்டின் எல்லாக் கட்டடங்களும் தற்செயலாக ஒரே சமயத்தில் எரிவதும் பலமுறை நடந்திருக்கும். ஆனாலும் இன்சூரன்ஸ் கம்பெனிகள் அதைக் கண்டுகொள்ளாமல் நன்றாகவே ஓடுகின்றன என்றும் சேர்த்துக்கொண்டார். எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் வாக்கியங்களில் ஒன்று இது.

இந்தத் தளத்தில்தான் அலகு சாகிறது. 10^10^120 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு மாற்ற 3.15 × 10⁷-ஆல் பெருக்க வேண்டும். பெருக்கல் என்றால் அடுக்கைக் கூட்டுவது. அடுக்கில் இருப்பது 10¹²⁰, அதாவது 121 இலக்க எண். அதோடு ஏழரையைக் கூட்டுகிறோம். பிளாங்க் நேரத்துக்கு மாற்றினால் 51-ஐக் கூட்டுகிறோம். அந்த 121 இலக்கங்களில் கடைசி இரண்டுதான் நெளியும். நம்மிடம் முதல் இலக்கமே உறுதியாகக் கையில் இல்லாதபோது, கடைசி இரண்டைப் பற்றி என்ன கவலை?

இவ்வளவு பெரிய அடுக்குகள் எங்கிருந்து வருகின்றன என்றால், கருந்துளையிலிருந்து. 1970-களின் தொடக்கத்தில் ஜேக்கப் பெக்கன்ஸ்டைனும் ஹாக்கிங்கும் கண்டது இது: கருந்துளைக்கு என்ட்ரோபி உண்டு, அது பரப்பளவுக்கு விகிதமானது. பரப்பளவோ நிறையின் இருமடிக்கு விகிதம். சூரியனின் இப்போதைய என்ட்ரோபி 10⁵⁸ அளவில் இருக்கும். அதே நிறையைக் கருந்துளையாக நசுக்கினால் 10⁷⁷. இருமடி என்பதால் பெரிய கருந்துளைகள் பேயாட்டம் போடுகின்றன. நம் பால்வீதியின் நடுவில் இருப்பது 43 லட்சம் சூரிய நிறை. அதன் என்ட்ரோபி 2 × 10⁹⁰. பார்க்கக்கூடிய பிரபஞ்சம் முழுக்கப் பரவியிருக்கும், பெருவெடிப்பின் மிச்ச ஒளியான நுண்ணலைப் பின்புலத்தின் எல்லா ஃபோட்டான்களையும் சேர்த்தாலும் 2 × 10⁸⁹ அளவுதான். ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவில் உள்ள ஒரே ஒரு பொருள், எல்லா ஒளியையும் பத்து மடங்கு தோற்கடிக்கிறது. நான் இதை இருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

ரோஜர் பென்ரோஸ் இந்த வழியிலேயே கடைசிவரை போனார். 10⁸⁰ புரோட்டான்களையும் ஒரே கருந்துளைக்குள் தள்ளினால்? 10⁸⁰-ஐ 1.2 × 10⁵⁷-ஆல் வகுத்தால் 8 × 10²² சூரியன்கள். இருமடியாக்கி 10⁷⁷-ஆல் பெருக்கினால் 10¹²³-க்குச் சற்றுக் குறைவு. ஒரு பொருள் இருக்கக்கூடிய நிலைகளின் எண்ணிக்கைக்கு என்ட்ரோபிதான் அடுக்கு. அது 10¹²³ என்றால் நிலைகளின் எண்ணிக்கை 10^10^123. பெருவெடிப்பு இவ்வளவு ஒழுங்கான ஒரு நிலையில் தொடங்க இத்தனையில் ஒரு வாய்ப்புதான் என்றார். புரோட்டானுக்கு ஒரு சுழியம் என்று எழுதினாலும் இந்த எண்ணை எழுதி முடிக்க முடியாது. ஒப்பிட்டுப் பார்த்தால் துகள்களை நுண்ணிய இழைகளாகப் பார்க்கும் இழைக் கோட்பாட்டின் புகழ்பெற்ற 10⁵⁰⁰ சாதாரணம். அது அந்தக் கோட்பாடு அனுமதிக்கும் வெற்றிடங்களின், அதாவது சாத்தியப் பிரபஞ்சங்களின், எண்ணிக்கை. கூடுதல் பரிமாணங்களில் சுற்றிய சுமார் 500 பாய்வுகள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்புகள், அவ்வளவுதான் அதன் பின்னால் உள்ள தோராயம். இந்த வெற்றிட எண்ணிக்கையை முறையாகக் கணக்கிட அடித்தளம் போட்ட ஆய்வுகளில் ஒன்று மைக்கேல் டக்ளஸும் சுஜய் அசோக்கும் சேர்ந்து எழுதியது. அசோக் பின்னர் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியரானார். 2015-இல் அந்தப் பரிமாணங்களின் ஒரே ஒரு வடிவியலுக்கே 10-இன் 2,72,000 அடுக்கு என்று வந்தது. அதைக்கூட நூறு பக்கச் சொச்சத்தில் அச்சடித்துவிடலாம். ஒரு கன சென்டிமீட்டர் காற்றின் எண்ணை எந்த அச்சகத்தாலும் முடியாது.

இப்போது பேஜின் தளம். அவர் கேட்டது போல்ட்ஸ்மனின் பழைய கேள்விதான், குவாண்டம் உடுப்பில். எதுவும் கசியாத ஒரு பெட்டிக்குள் கருந்துளை இருந்தால், அதன் குவாண்டம் நிலை தொடங்கிய இடத்துக்கு எப்போது திரும்பும்? போல்ட்ஸ்மனுக்கு மூலக்கூறுகள் எல்லாம் ஒரே நேரத்தில் இடப்பக்கம் வர வேண்டியிருந்தது. இங்கே ஆற்றல் நிலைகள் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு வேகத்தில் சுழல்கிறது. அவை அனைத்தும் ஒரே கணத்தில் தொடக்கக் கோணத்துக்கு வர வேண்டும். ஆற்றல் நிலைகள் எத்தனை? ஒரு சூரிய நிறைக்கு 10^10^76.66. மூலக்கூறுகளின் எண்ணிக்கை அடுக்குக்கு ஏறியதுபோல இதுவும் ஏறும். எனவே காத்திருக்கும் காலம் 10^10^10^76.66. பார்க்கக்கூடிய பிரபஞ்சத்தின் நிறைக்கு 10^10^10^10^2.08.

இங்கே அலகு போனது பழைய கதை. விடையை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள், இருமடியாக்குங்கள். அடுக்கு இரட்டிப்பாகும்; அதற்கு மேலுள்ள 10^76.66-இல் 0.3 கூடும். 77 இலக்க எண்ணில் 0.3. இருமடி வேண்டாம், மொத்தத்தையும் 10¹⁰⁰ அடுக்குக்கு உயர்த்துங்கள். அந்த 77 இலக்க எண்ணோடு 100 கூடும், அவ்வளவே. எதைச் செய்தாலும் எண் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

அப்படியானால் இயற்பியல் எங்கேதான் உட்கார்ந்திருக்கிறது? உச்சியில் மட்டும். முதலில் சொன்ன மிகப் பெரிய எண், பார்க்கக்கூடியதும் முடியாததுமான முழுப் பிரபஞ்சத்துக்கானது. பிரபஞ்சம் தொடக்கத்தில் அதிவேகமாக விரிந்தது என்று சொல்லும் ஆந்த்ரே லிண்டேயின் பெருக்க மாதிரியை எடுத்து, பெருக்கத்தை நடத்தும் இன்ஃப்ளேட்டான் துகளின் நிறை பிளாங்க் நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று வைத்து வந்த விடை. 10-இன் 1.1 அடுக்கு 12.6. அந்தப் பன்னிரண்டு, பத்து லட்சத்தின் இருமடியிலிருந்து வருவது. நிறையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் 12.6 என்பது ஏறக்குறைய 14.6 ஆகும், உச்சியில் 1.1 இருக்கும் இடத்தில் 1.2 வரும். கீழே எத்தனை பத்துகள் வரிசையில் நின்றாலும், அளந்து திருத்தக்கூடிய இடம் அந்தத் தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ள ஓர் இலக்கம்தான். அந்த இடத்தில் அளவீடும் வந்து சேர்ந்தது. நுண்ணலைப் பின்புலத்தை வரைபடமாக்கிய பிளாங்க் விண்கலமும், தென்துருவத்து பைசெப் தொலைநோக்கிகளும் தந்த தரவுகள், லிண்டே மாதிரியின் அந்த எளிய வடிவத்துக்கு எதிராகவே சாய்ந்திருக்கின்றன. இணையத்தில் மிகப் பெரிய எண்களின் பட்டியல்களில் 1.1 இன்னும் அப்படியே இருக்கிறது.